டிவிக்கு நல்ல துணியாப் பாத்துப் போர்த்து, பேராண்டி

அஞ்செட்டிப் பக்கம் மலைக்கிராமத்துல உனக்கு வாத்தியார் வேலை கிடைச்சிருக்குதுன்னு உங்கப்பன் லட்டு கொண்டாந்து கொடுத்தான். பல்லு இல்லாதவனுக்கு லட்டு. பதிலுக்கு நானும் ஏதாச்சும் கொடுக்கணும்ல? எங்கிட்ட காசு கிடையாது. புத்திமதி மூட்டை மூட்டையா இருக்குது, ஜிஎஸ்டி கூட இல்ல. வாங்கிக்க.

போற இஸ்கூல்ல ஒரு ஸ்மார்ட் டிவி உனக்காகக் காத்துக்கிட்டு இருக்கும். தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 ஸ்மார்ட் வகுப்பறை, அதுக்கு மேல படிக்கிற பிள்ளைங்களுக்கு 8,209 ஹைடெக் லேப்புன்னு சர்க்கார் கணக்கு சொல்லுது. 2024-ல 79,723 வாத்தியாருங்களுக்குக் கையில பிடிக்கிற டேப்லெட்டும் அறிவிச்சாங்க. நீ போனதும் முதல் காரியமா அந்த டிவிக்கு நல்ல துணியாப் பாத்துப் போர்த்து. கல்யாணத்துக்கு வந்த பித்தளை அண்டாவை நம்ம வூட்டுப் பொம்பளைங்க பரண்ல ஏத்தி வச்சிருக்கிறாங்க இல்ல, அந்தப் பக்தி இருக்கணும். ரிமோட்டு பீரோவுல இருக்கட்டும். பீரோ சாவி எச்எம் கிட்ட இருக்கட்டும். எச்எம் மீட்டிங்ல இருக்கட்டும். அதிகாரி வர்ற அன்னிக்கு மட்டும் துணியை உருவு. பிள்ளைங்க டிவியையும் அதிகாரியையும் ஒண்ணாவே வாயைப் பொளந்து பாக்கும்.

சிரிக்காத. ஒரு இஸ்கூல்ல நானே பாத்தேன். எலி ஒரு வயரைக் கடிச்சுடுச்சு, அம்புட்டுத்தான். நூறு ரூபா சமாச்சாரம். யாரு மாத்துறது, எந்தக் கணக்குல எழுதுறதுன்னு தெரியாம மழைக்காலம் பூரா டிவி கண்ணை மூடிக்கிட்டு இருந்துச்சு. எலி மட்டும் டிஜிட்டலா முன்னேறிடுச்சு.

உன் தாத்தன் ஓசூர் சிப்காட்டுல கம்பெனி கேட்டுல நின்ன வாட்ச்மேன். படிப்பு இல்லாட்டியும் நாலு மிசினைப் பாத்தவன். 1980-ங்கள்ல லேலண்டு, டிவிஎஸ், டைட்டன்னு வரிசையா கம்பெனிங்க வந்தப்ப இந்தப் பக்கம் சோளமும் ராகியும்தான். டைட்டன்காரங்க கிராமத்துல இருந்து பள்ளிப் படிப்பு முடிச்ச பிள்ளைங்களைக் கூட்டியாந்து, பக்கத்துல உக்காரவச்சுக் கத்துக்கொடுத்து, அப்புறமாத்தான் கைக்கடிகாரத்துல கை வைக்க விட்டாங்க. மிசினு முதல்ல வரல, பயிற்சிதான் முதல்ல வந்துச்சு. இன்னொண்ணும் கேளு. கம்பெனியில லைனு நின்னா செவப்பு லைட்டு எரியும். ஃபிட்டரு பையைத் தூக்கிக்கிட்டு ஓடி வருவான், சூப்பர்வைசரு நிமிசத்தை எண்ணுவான். இஸ்கூல்ல லைனு நின்னா எந்த லைட்டும் எரியாது. பெல்லு மட்டும் நேரத்துக்கு அடிக்கும்.

இதுல ஒரு வேடிக்கை. இப்ப நம்ம மாவட்டத்துல திம்ஜேப்பள்ளிப் பக்கம் ஐபோனுக்குப் பாகம் செய்யுறாங்க, போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா ஸ்கூட்டர் செய்யுறாங்க. இந்த மாதிரி எத்தனையோ கம்பெனியில வேலைக்குப் போறவங்க போனை கேட்டுலயே வாங்கி வச்சுடுறாங்க. வேலை செய்யுற கையில போன் இருந்தா கவனம் போயிடுமாம். ஆனா இஸ்கூல்ல பாரு, வாத்தியாரு கையில போன் இல்லாட்டித்தான் வேலையே நடக்காது. காலையில வந்ததும் ஆப்புல வருகைப் பதிவு. அப்புறம் எமிஸ்ங்கிற சர்க்கார் கணக்குல ஏத்தவேண்டியது: யாரு வந்தான், யாரு சாப்பிட்டான், யாருக்குச் செருப்பு கொடுத்தாச்சு, யாருக்குப் பை கொடுத்தாச்சு. எமிஸ் வேலையில இருந்து எங்களை விட்டுடுங்கன்னு ஆசிரியர் சங்கங்க பல வருசமாக் கேக்குறாங்க. நீ அப்பிடியெல்லாம் கேக்காத. அந்த மலையில சிக்னல் எங்க கிடைக்கும்னு முதல்ல கண்டுபிடி. புளியமரத்தடியா இருக்கும், இல்லன்னா பாறை மேல இருக்கும். எல்லைப் பக்கமாச்சே, சில நேரம் கர்நாடகா டவரு இழுத்துக்கும், போனுக்குள்ள ஒரு அம்மா கன்னடத்துல பேசும். நீயும் மரியாதையாக் கேட்டுக்க. அதுக்குள்ள ஒண்ணாங்கிளாசுப் பையன் பலகையில 'அ'னாவைத் தலைகீழா எழுதி முடிச்சிருப்பான்.

அந்தப் பையனைப் பத்திச் சொல்றேன். தெலுங்குல அழுவான், கன்னடத்துல சண்டை போடுவான், கணக்கை மட்டும் தமிழ்ல தப்பாப் போடுவான். நாளைக்கு நீ மாத்தல் வாங்கிக்கிட்டு ஓசூருக்கு வந்தா, ஒடிசாவுல இருந்தும் பீகார்ல இருந்தும் வேலைக்கு வந்தவங்க பிள்ளைங்களும் அதே பெஞ்சுல இருக்கும். புத்தகத்துல இருக்கிற கியூஆர் கோடைத் தட்டினா வர்ற வீடியோ அக்கா செந்தமிழ்ல அழகாப் பேசுது, குறை சொல்லக் கூடாது. ஆனா இந்தப் பையனுக்குப் புரிஞ்சுதான்னு அது திரும்பிப் பாக்காது. முகம் சுருங்குனதைப் பாத்து தெலுங்குல ஒரு வார்த்தை போட்டுச் சிரிக்கவைக்க வாத்தியாராலதான் ஆவும். அந்த ஆப்பை எங்கயும் டவுன்லோடு பண்ண முடியாது, சம்பளம் கொடுத்துத்தான் வைக்கணும்.

கொரோனா அதைக் காட்டிக் கொடுத்துச்சு. 2020 மார்ச்சுல மூடின இஸ்கூலு, சின்னப் பிள்ளைங்களுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்துச்சு. கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டுலயே வந்திருந்ததால டிவி இருந்த வூட்டுல கொஞ்சம் சமாளிச்சாங்க. போன்ல பாடம்னா, அந்தப் போன் அப்பன் பையில செகண்ட் ஷிப்டுக்குப் போயிருக்கும். இஸ்கூல் திறக்கறதுக்கு அஞ்சு நாளைக்கு முன்னாடி, அக்டோபர் 27 அன்னிக்கு சர்க்காரு என்ன ஆரம்பிச்சுதுன்னு நெனக்கிற? இல்லம் தேடிக் கல்வி. எல்லாத் திரையையும் பாத்து முடிச்சப்புறம், சாயந்திரமானா தெருவுல வந்து உக்காந்து சொல்லிக்கொடுக்கத் தன்னார்வலருங்களை அனுப்புனாங்க. சுவீடன்காரங்களும் 2023-ல, பிள்ளைங்க கையில திரும்ப அச்சடிச்ச புத்தகம் கொடுக்கணும்னு காசு ஒதுக்கினாங்களாம். குளிர் தேசத்துக்காரனுக்கும் நமக்கும் ஒரே புத்தி வருதுன்னா யோசிக்க வேண்டியதுதான்.

கிழவனுக்கு டிவி மேல பொறாமைன்னு நெனச்சுக்காத. இருக்கிற நல்லதை மறைச்சா என் நாக்கு அழுகிடும். உன் இஸ்கூல்ல அஞ்சு வகுப்புக்கு ரெண்டே வாத்தியாருன்னா, நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும் அரைமணி டிவியில பாடம் ஓடட்டும். அந்த அரைமணியில ஒண்ணாவது பிள்ளைங்களோட தரையில உக்காரு. மனுசன் நெஞ்சுக்குள்ள இதயம் சுருங்கி விரியறதையும், கப்பல் கடல்ல போறதையும் மலைப் பிள்ளைங்களுக்குச் சாக்பீஸால காட்ட முடியாது. திரை காட்டும். பார்வை மங்கின பிள்ளைக்கு எழுத்தைப் பெருசாக்கிக் கொடுக்கும். இன்னொரு வித்தை சொல்றேன், எந்தப் பயிற்சியில சொன்னாங்களோ இல்லையோ: அந்தத் தெலுங்குப் பையன் வாசிக்கிறதை உன் டேப்லெட்டுல பதிவு பண்ணி அவனுக்கே போட்டுக் காட்டு. தன் குரலைக் கேட்டதும் வெக்கப்பட்டு ஓடுவான். மறுநாள் அவனே வந்து, "சார், நேத்தைய விட நல்லா வாசிக்கிறேன், இன்னொரு தபா எடுங்க"ன்னு நிப்பான்.

இதெல்லாம் புதுசுன்னும் துள்ளாத. 1975-ல அமெரிக்காக்காரன்கிட்ட ஒரு சேட்டிலைட்டை ஓசியில வாங்கி, பக்கத்துக் கர்நாடகா உட்பட ஆறு மாநிலத்துல 2,400 கிராமத்துல டிவி வச்சாங்க. சைட்டுன்னு பேரு. காலையில பிள்ளைங்களுக்கு, சாயந்திரம் ஊருக்கு. கரண்டு இல்லாத ஊருக்கு பேட்டரி. கூடவே பெட்டி கெட்டுப்போனா சரிபண்ணப் போறதுக்கு ஆளையும் முன்கூட்டியே போட்டு வச்சிருந்தாங்க. ஒரு வருசத்துல அமெரிக்காக்காரன் சேட்டிலைட்டைத் திருப்பி எடுத்துக்கிட்டான், அது வேற கதை. அம்பது வருசத்துக்கு முந்தியே டிவியோட ரிப்பேர்காரனையும் சேர்த்து நம்ம ஆளுங்க யோசிச்சிருக்காங்க பாரு.

அதனால மலைக்கு பஸ் ஏறுறதுக்கு முன்னாடி ஓசூர்ல ஒரு ஸ்க்ரூ டிரைவர் செட்டு, பத்து மீட்டர் வயரு, ஒரு எலிப்பொறி வாங்கிக்க. உன் கைக்காசுதான். பில்லு மட்டும் கேக்காத. அதை எந்த ஆப்புல ஏத்துறதுன்னு கேட்டு ஒரு மீட்டிங் போட்டுடுவாங்க.