டபுள் டீம் ஆசாமி

போக்கிமான் ஆடுகிறவர்களில் இவர் தனி ரகம். ஆட்டம் தொடங்கியதும் நாம் அடிக்கப் பார்ப்போம். இவர் டபுள் டீம் போடுவார். மறுபடி ஓங்குவோம், மறுபடி டபுள் டீம். தன் போக்கிமானை நாலைந்து நிழலுருவங்களாகப் பெருக்கி, எது அசல் என்று நம்மைத் திணறடிக்கும் வித்தை அது. 1996-இல் வந்த முதல் ஆட்டத்திலேயே வித்தை கற்றுத்தரும் டிஎம் வரிசையில் 32 என்ற எண்ணில் இருந்தது. ஏறக்குறைய எல்லாப் போக்கிமானுக்கும் அதைக் கற்றுக்கொடுக்க முடிந்ததால் ஆசாமிகளுக்குப் பஞ்சமே வந்ததில்லை.

ஒருமுறை போட்டால், மற்றபடி குறி தவறாத அடிகூட நாலுக்கு மூன்றுதான் படும். மூன்று முறை போட்டால் பாதிக்குப் பாதி. ஆறுதான் உச்சம், அப்புறம் மூன்றில் ஒன்று பட்டாலே குலதெய்வம் கண் திறந்ததாக அர்த்தம். நம் அடி தவறியதாகத் திரையில் எழுத்து ஓடும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கல்யாணப் பந்தியில் கேட்காமலே இரண்டாம் கரண்டி பாயசம் விழுந்தவர் முகம்!

அவருடைய செல்லம் சான்சி. இளஞ்சிவப்பு உடம்பு, வயிற்றுப் பையில் முட்டை, பார்க்கப் பரம சாது. மினிமைஸ் போட்டுக் குட்டியாகச் சுருங்கும். ஐந்தாம் தலைமுறை ஆட்டங்கள் முதல் ஒரு தடவைக்கு நழுவல் இரண்டு படி ஏறுவதால் மூன்றே தடவையில் உச்சம். தப்பித்தவறி அடி பட்டாலும் சாஃப்ட்-பாயில்டு போட்டுப் பாதி உயிரை மீட்டுக்கொள்ளும். இதற்கிடையில் நமக்கு டாக்ஸிக் விஷம் ஏற்றியாகிவிட்டது. முதல் சுற்றில் பதினாறில் ஒரு பங்கு உயிர் போகும், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் மூன்று. ஆசாமிக்கு இனி வேலையே இல்லை. போய்க் காபி போட்டுக்கொண்டு வரலாம்.

ஆட்டத்துக்குள்ளேயே இவருக்கு ஒரு குரு உண்டு: கோகா. ஃபுஷியா நகர் ஜிம்மிலிருந்து கோல்ட், சில்வர் ஆட்டங்களில் எலைட் ஃபோருக்குப் பதவி உயர்வு பெற்றவர். அவருடைய க்ரோபேட் டபுள் டீம் போடும், மக் மினிமைஸ் போடும், இரண்டிடமும் டாக்ஸிக் இருக்கும். சரி, அவர் நின்ஜா. ஒளிவது தொழில் தர்மம். நம் ஆளுக்கு என்ன கேடு?

மூன்றில் ஒன்று என்ற கணக்கில் நம் அடி பட்டுவிட்டாலோ, "சும்மா லக்குல அடிச்சிட்டீங்க" என்பார். அதிர்ஷ்டத்தையே முதலாகப் போட்டுக் கடை நடத்துகிறவர் பேசும் பேச்சு! குறியே தவறாத ஏரியல் ஏஸையோ, ஏறிய படிகளை ஒரே சுற்றில் துடைத்துவிடும் ஹேஸையோ எடுத்தால், "இதெல்லாமா வெச்சுக்கிட்டு ஆடுவாங்க?" என்று முகம் சுளிப்பார்.

ஸ்மோகன் என்ற இணையதளத்துப் போக்கிமான் ரசிகர்கள் இந்த நழுவல் மூவ்களுக்கு விதி எழுதியே தடை போட்டார்கள். "அபீஷியல் போட்டியில தடை இல்லையே" என்பது ஆசாமியின் வாதம். உண்மைதான். ஆனால் அந்தப் பக்கம் அவர் தலைவைத்தும் படுப்பதில்லை. அங்கே இரட்டையர் ஆட்டம். எதிரே இரண்டு போக்கிமான் சேர்ந்து சாத்தும்போது நிழல் பெருக்க ஏது நேரம்?

இப்படிப்பட்ட இருவர் மோதினால்தான் வேடிக்கை. இவர் ஆறு படி, அவர் ஆறு படி. அடிக்கிற அடியெல்லாம் காற்றோடு போகும்; பட்ட ஒன்றிரண்டும் அடுத்த சுற்றில் ஆறிவிடும். கடைசியில் எல்லா மூவுக்கும் பிபி, அதாவது போடக்கூடிய தடவைகள், தீர்ந்து இருவரும் வேறு வழியில்லாமல் போடும் ஸ்ட்ரகிளில் வந்து நிற்பார்கள். நான்காம் தலைமுறை முதல் அது தவறுவதே கிடையாது. அடித்தவருக்கும் கால் பங்கு உயிர் போகும். யாரோ ஒருவர் சாய்ந்து ஆட்டம் முடியும். முடிந்ததும் இருவர் வாயிலும் ஒரே புலம்பல்:

"மனுஷன் இவன்கூட ஆடுவானா?"