வைஃபை நூற்பா: மூலமும் உரையும்

பாயிரம்

நூல் நுவலும் பொருள்: வயர் ஓடிய வீட்டுக்கு அக்சஸ் பொயின்ட் என்னும் வைஃபை பெட்டியைத் தெரிவுசெய்யும் முறை. நூல் எழுந்த இடம்: நோட்டன் பிரிட்ஜ். நூல் எழுந்த காரணம்: மச்சான்.

லயத்துக் காம்பராவின் பின்னால் மூன்று அறை இழுத்துக் கட்டியபோது, மச்சான் சுவரெல்லாம் கேபிள் விட்டார். இப்போது அதன் நுனியில் மாட்ட “ஆகப் பாஸ்டான சாமான்” வேண்டும் என்கிறார். இருப்பதே போதும் என்பது அம்மாயி கட்சி. இருவரையும் மறுத்தும் உடன்பட்டும் இந்நூல் செல்லும்.

1. திணை

*இணைதல் குறிஞ்சி; இருத்தல் முல்லை;*
*சுழல்வட்டம் கண்டு இரங்கல் நெய்தலே.*

உரை: நிலம் மலையாதலின் திணை குறிஞ்சி. அதன் உரிப்பொருளாகிய புணர்தல், இங்கே போன் வைஃபையோடு புணர்தல். படம் வரும்வரை கையில் ஏந்திக் காத்திருப்பது முல்லை. வட்டம் சுழலச் சுழல வருந்துவது நெய்தல். பாஸ்வேர்டு தராத அடுத்த காம்பராக்காரரோடு முகம் கொடுத்துப் பேசாதிருப்பது மருதம். அடுப்பங்கரையில் சிக்னல் அடியோடு பிரிவது பாலை. ஐந்திணையும் ஒரே தகரத்தின்கீழ் மயங்கும் வீடு எங்களுடையது.

2. எண்

*பெட்டியின் மேலெண் பிரித்துணர்ந்து கொளலே.*

உரை: மச்சான் காட்டிய பெட்டியின் மேல் 5400 மெகாபிட் என்றிருந்தது. பிரித்தால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் 574, 5 கிகாஹெர்ட்ஸ் அலையில் 4804; இரண்டையும் கூட்டி முழுதாக்கியதே 5400. ஹட்டன் பஸ் நாற்பதில் போகிறது, மஸ்கெலியா பஸ் நாற்பதில் போகிறது, ஆகவே நாம் எண்பதில் போகிறோம் என்பது போன்றது இக்கூட்டல். அதிலும் 4804 என்பது நான்கு அன்டெனாவும் அகன்ற அலைவரிசையும் சேர்ந்த கணக்கு. போனில் இருப்பது பெரும்பாலும் இரண்டே அன்டெனா. போன் அரைப்படி என்றால் பெட்டி மரக்காலாக இருந்தும் பயனில்லை.

3. குழாய்

*குழாயின் அளவே சுழலியின் அளவே.*

உரை: இது நோட்டன்காரருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. காசல்ரீ அணை நீர் சுரங்கத்தில் இறங்கி வந்து, இங்குள்ள விமலசுரேந்திர நிலையத்தில் 50 மெகாவாட் மின்சாரம் தருகிறது. இந்த மலையாறுகளில் மின்சாரம் எடுக்கலாமென்று 1918இலேயே ஆய்வுரை படித்த பொறியியலாளரின் பெயர் அது. குழாய் சிறுத்தால் எவ்வளவு பெரிய சுழலியும் வந்த தண்ணீருக்குத்தான் சுற்றும்.

வீட்டில் கேபிளே குழாய், அக்சஸ் பொயின்ட்டே சுழலி. ஆகவே பெட்டியின் முகத்தைப் பாராமல் முதுகைப் பார்க்க: அங்கே கேபிள் செருகும் துளை 1000 மெகாபிட் என்றால், முகப்பில் எத்தனை ஆயிரம் எழுதியிருந்தாலும் கேபிள்வழி வருவது அதற்குள்தான். வெளியிலிருந்து வரும் இணைப்பே 100 என்றால் ஓடையில் தண்ணீரே அவ்வளவுதான். வைஃபை 7 என்பது 2024இல் தரமாக ஏற்கப்பட்டது. எங்கள் வீட்டுப் போன்களோ அதன் பெயரையும் கேட்டறியா.

4. பகை

*கல்லும் தகரமும் அலைக்குப் பகையே.*

உரை: 2.4 அலை ஏறக்குறைய பன்னிரண்டரை சென்டிமீட்டர் நீளம். சுவரைத் தட்டுத்தடுமாறிக் கடக்கும். 5 அலை ஆறு சென்டிமீட்டர். வேகம் உண்டு, சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். எங்கள் காம்பராவின் பின்சுவர் பழைய கருங்கல். ஏற்கெனவே இருந்த பெட்டியோ இஸ்தோப்பை ஒட்டி, இரும்பு அலுமாரிக்குப் பின்னால் கிடந்தது. அடுப்பங்கரையில் அம்மாயி போனைப் பிடித்தால், கொழும்பிலிருக்கும் சித்தி கொட்டாவி விட்டவர் போல் வாய் திறந்தபடி உறைந்து நிற்பார். குடத்துள் இட்ட விளக்கு என்பது இதுவே.

கேபிள் இல்லாத வீட்டார், அலையை வாங்கி அலையாகவே கடத்தும் பெட்டிகளை வைப்பர். ஒரே அலை வாங்கவும் கொடுக்கவும் வேண்டியிருந்தால் வேகம் பாதியாகும். கேபிள் உடையார்க்கு அக்குறை இல்லை. சுவருக்கு இப்பால் ஒன்று, அப்பால் ஒன்று, இரண்டும் கேபிளில், பெயரும் பாஸ்வேர்டும் ஒன்றாக வைத்தால் போதும். கேபிள் வழியே மின்சாரமும் வாங்கும் வகையானால் பிளக் தேடவேண்டாம். எனவே சாதாரண வைஃபை 6 பெட்டி இரண்டு என்பது ஆசிரியர் துணிபு. மச்சானும் அரைமனதாக உடன்பட்டார்.

புறனடை

*மின்னின் றாயின் மேலவை இலவே.*

உரை: துணிபு எட்டிய அன்று மாலையே இடி இடித்துக் கரண்ட் போனது. மின்சாரம் பிறக்கும் ஊரில் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். அம்மாயி குப்பி லாம்பை ஏற்றினார். காம்பராவிலும் வைக்கவில்லை, அடுப்பங்கரையிலும் வைக்கவில்லை. கருங்கல் சுவரின் வாசற்படியில் வைத்தார். இரண்டு பக்கமும் வெளிச்சம் விழுந்தது.

மச்சான் லாம்பைப் பார்த்தார். பிறகு வாசலுக்கு நேர்மேலே சும்மா தொங்கிக்கொண்டிருந்த கேபிள் நுனியைப் பார்த்தார்.

பழைய பெட்டி இப்போது அங்கேதான் இருக்கிறது. சித்தி வாயை மூடிவிட்டார். புதுப் பெட்டிகள் இன்னும் வாங்கவில்லை.