சேவை இல்லை சார், படிப்பு!

கே: சமூகப்பணிக்கு எதற்கு முதுகலைப் படிப்பு? எங்கள் வார்டில் ஒருவர் எட்டாம் வகுப்பு ஃபெயில். போஸ்டரில் 'சமூக சேவகர்' என்று போட்டுக்கொள்கிறாரே! (காரைக்குடி வாசகர்)

ப: அவரைக் குறை சொல்லாதீர்கள். மோர்ப்பந்தல் வைக்க நான்கு செமஸ்டர் தேவையில்லை; மோர், பந்தல், போட்டோகிராபர் போதும். ஆனால் அந்தப் பந்தல் வரிசையில் கன்னம் வீங்கி ஒரு பெண் நிற்கிறாள் என்று வையுங்கள். அத்தனை பேர் முன்னால் அவளிடம் பேச்சுக் கொடுக்கலாமா? 'வழுக்கி விழுந்துட்டேன்' என்று சொன்னால் நம்பியதுபோல் இருந்துவிடுவதா, தோண்டுவதா? 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு நீங்கள் போன் போடுவதா, எண்ணை அவளிடம் கொடுப்பதா? போன் அவள் கையில்தான் இருக்கிறதா, புருஷன் கையிலா? எம்.எஸ்.டபிள்யூ. என்கிற இரண்டு வருஷப் படிப்பு அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. மோர் கொடுப்பது சமூக சேவை, மற்றது சமூகப்பணி. இரண்டும் ஒன்றென்று நினைத்துத்தான் என் மாமியார் கடைசிவரை, "எங்க மருமக சேவை பண்றா, அதுக்குச் சம்பளம்கூடத் தர்றாங்களாம்" என்று ஊரெல்லாம் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தார்.

கே: நான் பி.காம். எனக்கு இடம் கிடைக்குமா மேடம்? (சேலம் வாசகி)

ப: பெரும்பாலான கல்லூரிகளில் எந்தப் பட்டமும் போதும். என் வகுப்பில் இயற்பியல் இருந்தது, விலங்கியல் இருந்தது, தமிழ் இலக்கியம் இருந்தது. ரூரல் கேம்ப் கணக்கில் பத்து ரூபாய் இடிக்கிறது என்று நள்ளிரவு வரை எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொண்டபோது ஒரு பி.காம்.தான் காப்பாற்றினாள். தைரியமாக விண்ணப்பம் போடுங்கள்.

கே: வாரத்தில் இரண்டு நாள் கல்லூரியே கிடையாதாம், ஃபீல்டு ஒர்க் என்று வெளியே அனுப்பிவிடுவார்களாம். ஜாலிதானே அக்கா? (சேரப்போகும் தம்பி, கடலூர்)

ப: ஜாலிதான். காலை ஒன்பதுக்கு ஏஜென்சியில் கையெழுத்து. கேஸ் ஏஜென்சி இல்லை; மருத்துவமனையோ, குழந்தைகள் இல்லமோ, தொழிற்சாலையோ, உங்களை அனுப்பும் எந்த இடமும் எங்கள் பாஷையில் ஏஜென்சி. பகல் முழுக்க அங்கே, ராத்திரி ரிப்போர்ட். அந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு வாரம் ஒரு தடவை சூப்பர்வைசர் எதிரே தனியாக உட்கார வேண்டும். அதற்கு ஐ.சி. (இண்டிவிஜுவல் கான்ஃபரன்ஸ்) என்று பெயர். கேட்டாலே வயிற்றைக் கலக்கும்.

என் முதல் வருஷம் ஒரு அரசு மருத்துவமனை, எலும்பு முறிவு வார்டு. இடுப்பெலும்பு உடைந்த ஓர் அம்மாள். டிஸ்சார்ஜ் எழுதி நான்கு நாளாகியும் கணவர் கூட்டிப்போகவில்லை. வருவார், நர்ஸ் தலை தெரிந்ததும் மாடிப்படிப் பக்கம் நழுவிவிடுவார். 'கணவர் ஒத்துழைப்புத் தரவில்லை' என்று ரிப்போர்ட்டில் எழுதினேன். அச்சடித்த புத்தகத்தில் வருகிற மாதிரி இருக்கிறதே என்று என்னையே மெச்சிக்கொண்டேன். சூப்பர்வைசர் 'ஒத்துழைப்பு' என்ற சொல்லைச் சிவப்பு மையால் சுழித்து, ஓரத்தில் 'எதற்கு?' என்று மட்டும் எழுதியிருந்தார்.

மறுநாள் வீடு தேடிப் போனேன். ஹவுசிங் போர்டு, மூன்றாம் மாடி. குழாயில் தண்ணீர் ஏறாது. கீழே லாரி வரும். அந்த அம்மாள்தான் குடம் குடமாக மேலே ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறார். பெரியவருக்கு ஆஸ்துமா. என்னோடு மேலே வருவதற்குள் இரண்டு இடத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வாசலில் ஆறு பிளாஸ்டிக் குடங்கள், ஆறும் காலி. மூச்சு சீரானதும் கேட்டார்: "அவளைக் கூட்டியாந்துட்டா தண்ணிக்கு யாரும்மா போவா?" நான்கு நாளாக நான் அவருக்குக் குடும்பப் பொறுப்பு பற்றி என்னென்ன சொல்லலாம் என்று குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஜாலியாகப் போய் வாருங்கள் தம்பி. நல்ல செருப்பாகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கே: அட்வைஸே பண்ணக் கூடாது என்று சொல்லித் தருகிறார்களாமே? பிறகு எதற்கு கவுன்சலிங்? (ஈரோடு வாசகி)

ப: பந்தியில் பக்கத்து இலைக்காரருக்குச் சர்க்கரை என்று தெரிந்தால், பாயசம் வந்து சேர்வதற்குள் நான்கு வைத்தியம் சொல்லிவிடுகிற ஊர் இது. இங்கே பிறந்து அட்வைஸ் பண்ணாமல் இருப்பது லேசா? ஃபீலிக்ஸ் பீஸ்டெக் என்ற அமெரிக்கப் பாதிரியார் 1957-ல் எழுதிய புத்தகத்தில், உதவி தேடி வருபவரோடு பழகுவதற்கு ஏழு கொள்கைகள் சொன்னார். முதல் செமஸ்டரிலேயே ஏழும் மனப்பாடம். அதில் ஒன்று, முடிவெடுக்கும் உரிமை வந்தவருடையது என்பது. பரீட்சையில் ஐந்து மார்க். வேலையில் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும். குடிகாரப் புருஷனை விட்டுப் போகமாட்டேன் என்று முடிவு செய்துவிட்ட பெண்ணிடம், 'உனக்குப் புத்தி இருக்கா?' என்று கேட்க ஒரு நிமிஷம் ஆகாது. 'சரிம்மா, அடுத்த தடவை கை ஓங்கினா ராத்திரி யார் வீட்டுக்குப் போவீங்க? ரேஷன் கார்டு, பிள்ளைங்க சர்ட்டிபிகேட்டெல்லாம் எங்க இருக்கு?' என்று கேட்க எனக்கு ஏழு வருஷம் ஆனது. வீட்டில் இன்னும் வரவில்லை என்கிறான் மகன்.

கே: ஃபீல்டு ஒர்க் போகும் இல்லத்தில் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி, யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, தனக்கு நடந்த ஒன்றைச் சொன்னாள். ரகசியம் காப்பது எங்கள் தர்மம் அல்லவா? (பெயர் வேண்டாம்)

ப: இதற்கு மட்டும் ஹாஸ்யம் இல்லை. உங்கள் சூப்பர்வைசரிடம் இன்றைக்கே பேசுங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள். 2012-ம் வருஷத்து போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்த யாரும் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மாணவிக்கும் இது பொருந்தும். தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கிறது. அந்தப் பிள்ளையிடம் திரும்பிப் போய், யாரிடம் சொல்லப்போகிறீர்கள், ஏன் சொல்கிறீர்கள், அடுத்து என்ன நடக்கும் என்று முதலில் அவளிடமே சொல்லுங்கள். கோபப்படுவாள். நகராமல் உட்கார்ந்திருங்கள். இனிமேல் யார் சத்தியம் கேட்டாலும், 'உனக்கு ஆபத்து என்றால் சொல்லித்தான் ஆவேன்' என்பதைப் பேச்சின் ஆரம்பத்திலேயே வைத்துவிடுங்கள். பீஸ்டெக்கின் ஏழில் ரகசியமும் ஒன்றுதான். ஆனால் அது அவளைக் காப்பதற்கு இருக்கிறது, அவனைக் காப்பதற்கு இல்லை.

கே: இந்தப் படிப்பை நம் நாட்டில் யார் ஆரம்பித்தது? (தஞ்சாவூர் வாசகர்)

ப: பம்பாயில் 1936-ல், சர் டோராப்ஜி டாட்டா பெயரில் ஒரு பட்டமேற்படிப்புப் பள்ளி. இப்போது டிஸ் என்று எல்லோரும் சொல்லும் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் அதுதான். முதல் இயக்குநர் கிளிஃபோர்டு மேன்ஷார்ட், அமெரிக்க மிஷனரி. நாக்பாடா பகுதியின் நெரிசல் குடியிருப்புகளுக்கு நடுவே வேலை பார்த்தவர். சென்னையில் 1952-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க்கைத் தொடங்கினார். எழும்பூர் காசா மேஜர் சாலையில் இருக்கிறது. டாட்டாவும் பார்சி, மேரியம்மாவும் பார்சி. சென்னையில் பார்சிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்கள் விட்டுப்போனதை எண்ணக் கொஞ்சம் நேரமாகும்.

கே: டாக்டர், வக்கீல் மாதிரி இதுவும் ஒரு தொழிலா? மனசில் பட்டதைச் சொல்லுங்கள். (வேலூர் வாசகர்)

ப: இதே கேள்வியை 1915-லேயே அமெரிக்காவில் ஆப்ரஹாம் ஃபிளெக்ஸ்னரிடம் கேட்டார்கள். சாதாரண ஆளில்லை, ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவர் கொடுத்த அறிக்கையால் அந்த நாட்டில் பல மருத்துவக் கல்லூரிகள் மூடப்பட்டன. அவரை மேடைக்கு அழைத்து, மாலை போடாத குறையாக, 'நாங்கள் தொழில்முறையினர்தானே?' என்றார்கள். 'இன்னும் இல்லை' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரண்டு வருஷத்தில், 1917-ல், மேரி ரிச்மண்ட் என்ற சமூகப்பணி முன்னோடி ஒரு குடும்பத்தின் நிலையை விசாரித்து அறிவது எப்படி என்று தடியான புத்தகமே போட்டார். ரோஷம்தான் காரணம் என்று நான் சொன்னால் வரலாற்றுப் பேராசிரியர்கள் அடிக்க வருவார்கள்.

நம் கதைக்கு வாருங்கள். டாக்டருக்கு ஆணையம், வக்கீலுக்கு பார் கவுன்சில். ஒட்டுமொத்தமாகச் சமூகப்பணியாளருக்கு அப்படி ஒரு சட்டக் கவுன்சில் இங்கே கிடையாது. மருத்துவம், மனநலம் சார்ந்தவர்களை மட்டும் 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் தன் பட்டியலில் சேர்த்தது. இதைவிட வேடிக்கை 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம். இளைஞர் நீதி வாரியத்தில் ஒரு மாஜிஸ்திரேட்டோடு இரண்டு 'சமூகப்பணியாளர்' உட்கார வேண்டும் என்கிறது. யார் உட்காரலாம்? குழந்தைகள் நலத்தில் ஏழு வருஷ அனுபவம் இருப்பவர். அல்லது குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் படித்துத் தொழில் செய்பவர். சமூகப்பணிப் பட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. வீட்டுக்கு வீடு பத்திரிகை கொடுத்துவிட்டுப் பெண்ணின் அப்பாவுக்குக் கொடுக்க மறந்த கல்யாணம்!

கே: மனநல சமூகப்பணியாளர் ஆக எம்.எஸ்.டபிள்யூ. போதுமா? (திருச்சி மாணவி)

ப: 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் போதாது என்கிறது. அதற்கு மேல் இரண்டு வருஷ முழுநேர எம்.ஃபில்., அதுவும் மருத்துவமனைப் பயிற்சியோடு. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தில் இடம் கிடைக்க மாணவர்கள் குலதெய்வத்தைக்கூட விடுவதில்லை. எம்.ஃபில். என்ற படிப்பையே யு.ஜி.சி. நிறுத்திய பிறகு இதற்கு மட்டும் தவணை முறையில் உயிர் கொடுத்தார்கள். பணம் கட்டுமுன் அந்த வருஷத்து அறிவிப்பை இரண்டு தடவை படியுங்கள்.

கே: ஹெச்.ஆர். ஆகத்தான் ஆசை. எம்.பி.ஏ.வா, எம்.எஸ்.டபிள்யூ.வா? (ஓசூர் வாசகர்)

ப: ஊரைப் பார்க்காமலே ஓசூர் என்று சொல்லியிருப்பேன். 500 தொழிலாளர் இருக்கும் ஆலையில் நல அலுவலர் இருந்தே ஆக வேண்டும் என்றது 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், 49-வது பிரிவு. 2020-ல் இயற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதை 250 ஆக்கியது. அந்த நாற்காலியை நம்பித்தான் சமூகப்பணிக் கல்லூரிகளில் தொழிலாளர் நலம் என்ற பிரிவு செழித்தது. பிறகு பர்சனல் மேனேஜ்மென்ட் ஆகி, ஹெச்.ஆர். ஆகி, டை கட்டிக்கொண்டது. எது படித்தாலும் சரி. கேன்டீன் சாம்பார் பற்றிப் புகார் வந்தால் விசாரணைக் கமிட்டி போடுமுன் ஒரு கரண்டி சாப்பிட்டுப் பாருங்கள்.

கே: மகள் ஐ.டி. வேலையை விட்டுவிட்டு இதைப் படிக்கிறேன் என்கிறாள். சம்பளம் வருமா அம்மா? (ஒரு அப்பா, விருதுநகர்)

ப: வரும் ஐயா, ஆனால் மெதுவாக வரும். தொண்டு நிறுவனங்களில் ப்ராஜெக்ட் இருக்கும்வரை வேலை. அரசுத் திட்டங்களில் பெரும்பாலும் ஒப்பந்தம். ஐ.டி. சம்பளத்தோடு ஒப்பிட்டால் உங்களுக்குத் தூக்கம் போய்விடும், அதனால் ஒப்பிடாதீர்கள். மகளிடம் ஒன்று மட்டும் கேட்டுப் பாருங்கள்: 'ஜனங்களுக்கு நல்லது செய்யணும்' என்கிறாளா, 'ஜனங்க ஏன் இப்படிச் செய்றாங்கன்னு தெரியணும்' என்கிறாளா? முதலாவது என்றால் ஐ.டி.யில் இருந்தபடியே நன்கொடை அனுப்பட்டும். இரண்டாவது என்றால் ஃபீஸ் கட்டிவிடுங்கள்.

கே: ஜோல்னாப் பை கட்டாயமா? (மதுரை வாசகர்)

ப: தாடி வளர்ந்தால் தானாக வரும்.

கே: ரூரல் கேம்ப் என்று கிராமத்துக்குப் போய் என்னதான் செய்கிறீர்கள்? (நாமக்கல் வாசகி)

ப: முதல் இரண்டு நாள் கிராமம் எங்களைப் பார்த்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் படுக்கை, பம்ப்செட்டில் குளியல், சாம்பாரில் உப்பு யார் போட்டது என்று சண்டை. பிறகு ஊர் மக்களையே தெருவில் உட்காரவைத்து, கோலப்பொடியால் அவர்கள் ஊரின் படத்தை வரையச் சொல்வோம். ஒரு முகாமில் ஆண்கள் முதலில் டீக்கடையைப் போட்டார்கள். பெண்கள் தண்ணீர்க் குழாயைப் போட்டார்கள். கோயில், கண்மாய், பால் சொசைட்டி எல்லாம் வண்ணத்தில் வந்தன. காலனித் தெரு வரும்போது பொடி தீர்ந்துவிட்டது. "அது அந்தப் பக்கம் இருக்குங்க" என்று ஒருவர் கையைக் காட்டினார். என் மாணவி எழுந்து, அவர் காட்டிய பக்கமாக நடந்து, காலனியிலிருந்து இன்னொரு டப்பா பொடியோடு நான்கு பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்தாள். தெருவில் சத்தம் சட்டென்று நின்றது. அப்புறம் நடந்ததை எழுத இந்தப் பக்கம் போதாது. தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு ஒரு நாள் முன்னதாகவே கிளம்பினோம் என்பது மட்டும் உண்மை.

கே: அஞ்சல்வழியில் படிக்கலாமா? (ராமநாதபுரம் வாசகி)

ப: இக்னோவில் இருக்கிறது. பாடப் புத்தகம் வீட்டுக்கு வரும். ஃபீல்டு ஒர்க்குக்கு நீங்கள்தான் போக வேண்டும்.

கே: வைவாவில் என்ன கேட்பார்கள்? பயமாக இருக்கிறது. (இறுதியாண்டு, திருப்பத்தூர்)

ப: வெளியிலிருந்து வரும் பரீட்சகர் உங்கள் ரிப்போர்ட்டை ஏதோ ஒரு பக்கம் புரட்டுவார். எனக்குப் புரண்டது அந்த ஹவுசிங் போர்டு பக்கம். "அந்த அம்மா வீட்டுக்குப் போனாங்களா?" என்றார். போனார்கள் சார் என்றேன். கீழ்வீட்டுப் பையன் ஒருவனிடம் பேசி, தண்ணீர் மேலே ஏற்றித்தர ஏற்பாடு செய்ததை உற்சாகமாக விவரித்தேன். குடத்துக்கு இரண்டு ரூபாய். "ஒரு நாளைக்கு ஆறு குடம், பன்னிரண்டு ரூபாய். அதை யார் கொடுக்கிறது?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. 58 மார்க் போட்டார்.