இலை உதிர்த்த குற்றம்

எங்கள் பக்கத்தில் ஓர் ஆலயத்தில் வேப்பமரத்தை வெட்டினார்கள். எந்த ஆலயம் என்று கேட்காதீர்கள். அவரவர் ஆலய வளாகத்தைப் போய்ப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான். மரம் செய்த குற்றம், இலை உதிர்த்தது. "பெருக்க ஆள் கிடைக்கலய்யா, பேவர் பிளாக் எல்லாம் அழுக்காகுது" என்றார் பொருளாளர். சுவிசேஷத்தில் அத்திமரம் சபிக்கப்பட்டது, கனியில்லாமல் இலையோடு நின்றதற்காக. இலையை உதிர்த்ததற்காகத் தண்டிக்கப்பட்ட மரம் நாகமலை புதுக்கோட்டையில்தான் இருந்தது.

வெட்டியது சனிக்கிழமை. மறுநாள் சுற்றுச்சூழல் ஞாயிறு.

வாசலில் ஃபிளெக்ஸ்: பச்சைப் பூமி, அதை ஏந்திய இரண்டு கைகள், கீழே கமிட்டியார் அத்தனை பேரின் பாஸ்போர்ட் போட்டோ. மரக்கன்று நட நாலு பேவர் பிளாக்கைப் பெயர்த்தார்கள். போட்டோ எடுத்து முடித்ததும் கன்று தொட்டிக்குப் போனது, பிளாக் பழைய இடத்துக்கு வந்தது. பிறகு மழைக்காக ஊக்கமான ஜெபம். பெய்தால் அது எந்த வழியாக மண்ணுக்குள் இறங்கும் என்பதை ஆண்டவரே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

லின் ஒயிட் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1967இல் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையில், இயற்கை மனிதனுக்காகவே படைக்கப்பட்டது என்ற மேலைக் கிறிஸ்தவத்தின் எண்ணமே இன்றைய சூழல் கேட்டின் வேர் என்று குற்றம் சாட்டினார். அவருக்குப் பதில் சொல்ல இறையியலாளர்கள் அரை நூற்றாண்டாக மூச்சு வாங்குகிறார்கள். 2015இல் போப் பிரான்சிஸ் ஒரு சுற்றுமடலே எழுதினார். எங்கள் கமிட்டியோ ஒரே காலையில், ஒரு மரம் அறுக்கும் மெஷினை வைத்து, ஒயிட் சொன்னதை நிரூபித்துவிட்டது. பூமியை ஆண்டுகொள்ளச் சொன்ன ஆதியாகமம் 1:28 அவர்களுக்கு மனப்பாடம். தோட்டத்தைக் காக்கத்தான் ஆதாமை ஆண்டவர் அங்கே வைத்தார் என்ற 2:15 அவர்களைப் பொறுத்தவரை அச்சுப்பிழை.

2017இல் வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க அமைச்சர் தெர்மோகோல் மிதக்கவிட்டபோது மதுரையே சிரித்தது, நாங்களும் சிரித்தோம். அந்த டிசம்பரிலும் தெர்மோகோலை வெட்டித்தான் பெத்லகேம் கட்டினோம். ஜனவரியில் மீட்பர் பிறந்த ஊரைக் குப்பையோடு போட்டுக் கொளுத்தினோம்.

இவையெல்லாம் சில்லறைப் பாவங்கள். பெரிய பாவம் பளபளக்கிறது. மேலூர்ப் பக்கம் கிரானைட்டுக்காக மலைகளை வெண்ணெய்க்கட்டி போல அறுத்துக் கப்பலேற்றினார்கள். 2012இல் ஆட்சியர் சகாயம் அரசுக்குக் கணக்குக் காட்டிய இழப்பு 16,000 கோடி ரூபாய்க்கு மேல். நான் உட்கார்ந்திருந்த எந்த ஆராதனையிலும் அந்த மலைகளுக்காக ஒரு ஜெபக்குறிப்பு வாசிக்கப்படவில்லை. ஆல்டருக்குப் புது கிரானைட் வந்து இறங்கிய அன்று மட்டும் ஸ்தோத்திரபலி ஏறெடுத்தோம்.

விசுவாசத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இடிந்தகரையில் லூர்து மாதா கோயில் முற்றத்தில் பந்தல் போட்டு 2011இல் கூடங்குளம் அணு உலையை எதிர்த்து உட்கார்ந்தார்களே மீனவப் பெண்கள், அவர்கள் கையிலும் ஜெபமாலைதான் இருந்தது. ஆயிரக்கணக்கானோர் மேல் தேசத்துரோக வழக்குப் போட்டது அரசு. எங்கள் ஆட்களும் கோர்ட்டுக்குப் போகாதவர்கள் இல்லை. போவது சபைத் தேர்தலுக்கும் சபைச் சொத்துக்கும். (அவர்கள் போகும் மதுரை உயர் நீதிமன்றக் கிளையே உலகனேரிக் கண்மாய்க்குள் நிற்கிறது என்பது வேறு வயிற்றெரிச்சல்.)

வேம்பு நின்ற இடத்தில் இப்போது மூன்று கார்கள் நிற்கின்றன. பங்குனி வெயிலில் சீட் கொதிக்கிறதாம். நிழலுக்குத் தகரக் கொட்டகை போடுவதென்று கமிட்டி ஏகமனதாகத் தீர்மானித்திருக்கிறது. காணிக்கைக் கவர் வரும் ஞாயிறு கொடுக்கப்படும்.