வளைகுடாக் கல்விச் சுற்றுலாவில் நிற்றல்: ஒரு முதற்கட்ட ஆய்வு

நவம்பர் பிறந்து வெயில் தணிந்ததும் துபாய், ஷார்ஜா தமிழ்க் குடும்பங்கள் பஸ் பிடித்துக் கல்விச் சுற்றுலா கிளம்பிவிடுகின்றன. 'மிதமான நடை இருக்கும்' என்று வாட்ஸ்அப் அழைப்பில் ஒரு வரி வரும். விசிட் விசாவில் வந்திருக்கும் மாமியார், மூட்டுவலிக்காரச் சித்தப்பா, பத்தாம் வகுப்புப் பையன் மூவரும் அதே வரியை நம்பித்தான் பெயர் கொடுக்கிறார்கள். அது யாருக்கு மிதம் என்று எந்த அறிஞரும் இதுவரை விசாரித்ததாகத் தெரியவில்லை. ஆகவே இவ்வாய்வு.

முன்னோர் ஆய்வுகளை முதலில் முடித்துவிடுவது மரபு. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் ஒரு விதி வகுத்தார்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம்; இரண்டாயிரம் அடி ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அல் ஐன் நகரின் ஜெபல் ஹஃபீத் மலைக்கு இது பொருந்தாது. அங்கே ஏறுவது பஸ். வளைவுக்கு வளைவு சோதிக்கப்படுவது வயிறு. (சான்று: முன்வரிசை, எலுமிச்சம்பழம் வைத்திருந்தவர்.)

மருத்துவர்களிடம் ஆறு நிமிட நடைச் சோதனை இருக்கிறது. முப்பது மீட்டர் தாழ்வாரத்தில் போய்த் திரும்பி, ஆறு நிமிடத்தில் கடந்த தூரத்தை அளப்பார்கள். குழுச் சுற்றுலாவில் ஆறு நிமிடத்துக்குள் பஸ்ஸைவிட்டு இறங்கியே முடிவதில்லை.

இனி வகைப்பாடு.

நடத்தல்: ஏசி போட்ட நாட்டில் இது பெரிய சிக்கலே இல்லை. மெட்ரோ நிலையத்திலிருந்து துபாய் மாலுக்குப் போகும் 820 மீட்டர்ப் பாலத்தில்கூட நகரும் நடைபாதை உண்டு.

அண்ணாத்தல்: லூவ்ர் அபுதாபியின் கூரை 180 மீட்டர் விட்டமுள்ளது, எட்டு அடுக்கு நட்சத்திரங்களின் வழியே வெயில் பொட்டுப் பொட்டாக விழுகிறது. கழுத்து வலிக்காரர்கள் தரையில் விழும் பொட்டுகளைப் பார்த்தால் போதும்.

உட்காருதல்: பஸ்ஸில் நடக்கிறது.

நிற்றல்: இவ்வாய்வின் உயிர்நிலை இதுவே என்பதால் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். உடலுழைப்பை அளப்பதற்கு அறிஞர்கள் 'மெட்' என்றொரு அலகு வைத்திருக்கிறார்கள். சும்மா உட்கார்ந்திருந்தால் 1. அதாவது உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லிலிட்டர் ஆக்ஸிஜன். சாதாரண நடைக்கு மூன்றுக்கு மேல். அசையாமல் நிற்பதற்கு அவர்களின் அட்டவணை தரும் மதிப்பு ஏறத்தாழ 1.3. உட்காருவதற்கும் நிற்பதற்கும் பெரிய வித்தியாசமில்லை என்பது இதன் பொருள். அட்டவணை போட்டவர்கள் உட்கார்ந்துதான் போட்டிருப்பார்கள் என்று கருத இடமுண்டு. (பார்க்க: கடைசி வரிசை, நடு இருக்கை, செருப்பைக் கழற்றியபடி அளித்த வாய்மொழி, அதை மறுத்து அவர் மனைவி பேசியது தனித் தொகுதி.)

உதாரணத்துக்கு, அல் ஐனில் உள்ள ஹிலி தொல்லியல் பூங்கா. 2011-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய இடம். அங்கே நாலாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட வட்டக் கல்லறை. குறுக்களவு சுமார் 12 மீட்டர். வாசலருகே இரண்டு மனிதர்களும் ஓரிக்ஸ் மானும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். பார்த்து முடிக்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் குழுவில் ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் கட்டாயம் இருப்பார். உம் அல் நார் காலத்தில் தொடங்கி, மெசபொட்டேமியாவுக்குப் போன செம்பைப் பிடித்து, சிந்துவெளியைத் தொட்டு, கீழடியில் இறங்குவதற்குள் மாமியார் வலக்காலிலிருந்து இடக்காலுக்கு மாறி, மறுபடி வலக்காலுக்கே வந்திருப்பார். சாய்ந்துகொள்ளலாம் என்றால் சுவர் நாலாயிரம் வயதுடையது.

இதில் உடலியலும் உண்டு. நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகி இறுகி ரத்தத்தை மேலே தள்ளுகிறது. அசையாமல் நின்றால் அந்த வேலை நின்று, ரத்தம் காலிலேயே தேங்குகிறது. பாதம் வீங்குகிறது, தலை லேசாகிறது. ஆக்ஸிஜனை மட்டும் எண்ணும் அட்டவணைக்கு இது தெரியாது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் செயலர் பெஞ்சமின் கில்மனுக்குத் தெரிந்திருந்தது. காட்சிப் பொருளையும் அதன் குறிப்பையும் பார்க்க ஓர் ஆள் குனிந்தும் குந்தியும் படும் பாட்டைப் படமெடுத்து 1916-ல் 'அருங்காட்சியகக் களைப்பு' பற்றிக் கட்டுரையே வெளியிட்டார். நூறாண்டு கடந்தும் குறிப்பட்டைகள் முழங்கால் உயரத்தில்தான் தொங்குகின்றன. (ஒப்புநோக்குக: ஐந்தாம் வரிசை ஜன்னலோரம், வாக்குமூலம், பகுதி இரண்டு, சுலைமானி டீ ஆறுவதற்கு முன், பகுதி ஒன்று குறட்டையில் சிதைந்து கிடைத்துள்ளது, பதிப்பாசிரியர் பக்கத்து இருக்கைக்காரர்.)

எனவே பரிந்துரைக்கப்படும் தகுதித் தேர்வு: விண்ணப்பதாரர் தம் பில்டிங் கார் பார்க்கிங்கில் எதிலும் சாயாமல் இருபது நிமிடம் நின்று, வாடகை உயர்வு பற்றி ஒருவர் பேசுவதைக் கேட்க வேண்டும். போனை எடுத்தால் தோல்வி. தோற்றவர்களும் வரலாம், மடக்கு ஸ்டூல் ஒன்று கொண்டுவர வேண்டும். இங்கே ஹைப்பர் மார்க்கெட்டில் எளிதில் கிடைக்கிற பொருள்தான். கால் மாற்றி நிற்பதைவிடக் கௌரவமானது.

உரையாற்றும் பேராசிரியருக்கு இத்தேர்விலிருந்து விலக்கு உண்டு. கல்லறையைச் சுற்றி நடந்து, கை நீட்டிக் காட்டி, குதிகால் உயர்த்திப் பேசுவதால் அவர் கெண்டைக்கால் மட்டும் கடைசிவரை வேலை செய்துகொண்டே இருக்கிறது.