ஒற்று மிகும் இடமும் நட்பு மிகா இடமும்: மும்பைச் சிறுகதை ஒன்றை முன்வைத்து

சிறுகதையின் பிறப்பைப் பற்றித் தமிழில் நூல்கள் உண்டு. அதன் மரணத்தைப் பற்றி விமர்சகர்கள் அவ்வப்போது அறிவிப்பதும் உண்டு. இரண்டுக்கும் நடுவே, எழுதி முடித்த கதையைப் பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முந்தைய நாள் ஒற்றையும் குறியையும் பற்றி நடக்கும் சண்டையைத்தான் ஆய்வுலகம் கண்டுகொள்ளவில்லை. அக்குறையை நீக்க முனைகிறது இக்கட்டுரை. ஆய்வுக் களம் செம்பூர், மாட்டுங்கா, தாராவி. முதன்மைச் சான்று, செம்பூர்க்காரர் ஒருவர் எழுதி இன்னும் அச்சேறாத கதை. எண்பதுகளில் நெல்லையிலிருந்து ரயிலேறும் ஓர் இளைஞனைப் பற்றியது. கதையின் தரம் ஆய்வெல்லைக்கு வெளியே நிற்கிறது, அங்கேயே நிற்கட்டும்.

1. குறிகள் வருமுன்

ஓலைச்சுவடியில் காற்புள்ளி இல்லை, கேள்விக்குறி இல்லை, சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை. மெய்யெழுத்தின் தலையில் வைக்கவேண்டிய புள்ளியையே பலர் வைக்காமல் விட்டார்கள். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. அச்சுக்கலையின் பின்னே மேலைநாட்டுக் குறிகளும் மெல்ல வந்து சேர்ந்தன. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தம் உரைநடையில் அவற்றை முறைப்படி கையாண்டார். அதற்கு முன்பெல்லாம் தமிழர் மூச்சு விடாமலா படித்தார்கள்? இல்லை. அவர்களிடம் ஏகாரம் இருந்தது.

ஏகார இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியர் ஐந்து பொருள் சொல்கிறார்: தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை. இதை உரையாசிரியர் எவரும் சரியான கோணத்தில் பார்க்கவில்லை. தேற்றம் என்பது ஆச்சரியக்குறி. வினா, கேள்விக்குறி. பிரிநிலை, அரைப்புள்ளி. எண், காற்புள்ளி. ஈற்றசை, முற்றுப்புள்ளி. பிற்பாடு நன்னூலில் பவணந்தி முனிவர் ஆறாவதாக இசைநிறையைச் சேர்த்தார். பொருள் ஏதுமின்றி ஓசையை நிரப்ப மட்டும் வருவது அது. நம் கதாசிரியர்கள் வரிக்கு வரி தூவும் மூன்று புள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் கிடைக்காது.

இன்றும் நிலைமை அப்படித்தான். 'வருவாயா' என்றதுமே ஆகாரம் கேட்டு முடித்துவிடுகிறது. கேள்விக்குறி வெறும் சாட்சி. 'என்றான்' வந்துவிட்டால் மேற்கோள்குறிக்கும் பெரிதாக வேலையில்லை. ஆனாலும் செம்பூர் ஆசிரியர் ஒரே வாக்கியத்தில் கேள்விக்குறி ஒன்றும் ஆச்சரியக்குறி மூன்றும் வைத்திருந்தார். நாயகி கேட்டது, "டீ குடிக்கிறீங்களா" என்பது மட்டுமே.

2. மாட்டுங்காச் சிக்கல்

இக்கதையில் ரயில் ஒரே நிலையத்தில் மூன்று பெயர்களில் நிற்கிறது: மாதுங்கா, மாடுங்கா, மாட்டுங்கா. மராத்தியில் அங்கே ஒலிப்பது வல்லோசை டகரம். தமிழில் உயிர்களுக்கு நடுவே தனி டகரம் வந்தால் 'வீடு' என்பதில்போல் மெலிந்துவிடும். வன்மை வேண்டுமென்றால் இரட்டிக்க வேண்டும். எனவே மாட்டுங்காவே சரி. ஆனால் பிறந்தது முதல் மாதுங்காவில் குடியிருப்பவரிடம் போய், "நீங்கள் இருப்பது அங்கே இல்லை" என்று சொல்லும் துணிவு இந்த ஆய்வாளருக்கு இல்லை.

வரிசை அறைகள் கொண்ட குடியிருப்பான சாளுக்கும் இதே கதி. ஆங்கிலம் வழியாக வந்தால் 'சால்'; மராத்தியில் ளகரம் என்பதால் 'சாள்'. நாயகன் முதல் பக்கத்தில் சாலில் குடியேறி மூன்றாம் பக்கத்தில் சாளைக் காலி செய்கிறான். ஊர்ப்பெயர் மும்பை என்று அரசாணைப்படி மாறியது 1995இல். ஆகவே எண்பதுகளின் தமிழன் பம்பாயில் இறங்குவதே முறை. பக்கத்து வீட்டு மராத்திப் பாட்டி மட்டும் அப்போதும் மும்பை என்றே சொல்லலாம்.

3. ஒற்றுச் சிக்கல்

இதில் மூன்று பள்ளிகள் உண்டு. ஐயம் வந்தால் ஒற்றைப் போடு என்பது மாட்டுங்காப் பள்ளி. ஓய்வுபெற்ற தமிழாசிரியர்களின் சிவப்பு மை மரபு. ஐயம் வந்தால் ஒற்றை எடு, பேசும்போது யார் எண்ணிப் பார்க்கிறார்கள் என்பது தாராவிப் பள்ளி. ஐயம் வந்தால் வாக்கியத்தையே மாற்று என்பது செம்பூர்ப் பள்ளி.

கதையின் முதல் வரி: 'அவன் வேலை தேடி ரயிலேறினான்.' இரண்டாம் வேற்றுமை என்று எண்ணிய மாட்டுங்கா, 'வேலைத் தேடி' என்று திருத்தியது. விதி சரி, இடம் தவறு. ஒற்று விழுந்ததும் 'வேலை' என்பது வேல் கூட்டல் ஐ ஆகிவிட்டது. பிழைக்க வந்தவன் முருகனின் ஆயுதத்தைத் தேடுகிறான். ஒற்று இல்லையென்றால் அவன் சயானில் இறங்கித் தாராவிக்கு நடப்பான். தோல் பதனிடவோ துணி தைக்கவோ போவான். ஒற்று இருந்தால் குர்லாவில் வண்டி மாறி, ஹார்பர் லைனில் செம்பூர் போய், சேடா நகர் திருச்செம்பூர் முருகன் கோயில் படியேற வேண்டும். ஒரு 'த்' ஒரு மனிதனின் பயணச்சீட்டையே மாற்றிவிடுகிறது. இவ்விடத்தில் ஒற்று மிகுந்தது, நட்பு மிகவில்லை.

அடுத்து வடாபாவ். வடாவும் பாவும் சமம் என்றால் அது உம்மைத்தொகை, ஒற்று மிகாது. வடாவை உள்ளே உடைய பாவ் என்றால் தயிர்க்குடம்போல மிக வேண்டும், வடாப்பாவ். தீர்ப்பு வருவதற்குள் பண்டம் ஆறிவிட்டது.

ஒற்றுகளின் எண்ணிக்கை இலக்கியத் தரத்தைக் கூட்டுமா என்றும் சோதிக்கப்பட்டது. மும்பையில் வாழும் அம்பைக்கு 2021இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றுத் தந்த 'சிவப்புக் கழுத்துடன் ஒரு பச்சைப் பறவை'யின் தலைப்பில் சந்தி ஒற்று இரண்டு. பம்பாயில் நெடுநாள் பணியாற்றிய நாஞ்சில் நாடனுக்கு 2010இல் அதே விருதைத் தந்த 'சூடிய பூ சூடற்க' தலைப்பில் ஒன்றும் இல்லை. பெயரெச்சத்தின் பின்னும் உருபு மறைந்த இரண்டாம் வேற்றுமையிலும் மிகாது என்பதால் அதுவும் சரி. விருதுக்கும் ஒற்றின் எண்ணிக்கைக்கும் தொடர்பில்லை என்று இதனால் நிறுவப்படுகிறது.

4. முடிவுகள்

அ. பொருள் மாறும் இடத்தில் ஒற்றில் சமரசம் கூடாது.

ஆ. பாத்திரம் பேசும் இடத்தில் காதுக்கே முன்னுரிமை. தாராவியின் தொண்ணூறு அடி ரோட்டில் நிற்பவர் வாயில் நன்னூலைத் திணிக்கக் கூடாது.

இ. ஊர்ப்பெயரை எப்படி எழுதத் தொடங்கினாலும் கடைசிப் பக்கம்வரை அப்படியே எழுதுக.

ஈ. மூன்றுக்கு மேல் வைக்கும் புள்ளிகள் இசைநிறை எனக் கொண்டு நீக்கப்படும்.

எழுத்தாள அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கதையைத் திருத்தித் தருபவருக்கு மாட்டுங்காவில் நல்லதாக ஒரு காப்பி வாங்கிக் கொடுங்கள். அது காப்பியா, காபியா, காஃபியா என்ற விவாதத்தை அவர் குடித்து முடித்த பிறகு தொடங்குங்கள்.