வைக்கோல் வாசம்

அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் காய்ச்ச வழிவிட்ட சட்டத்தில் ஜிம்மி கார்ட்டர் 1978இல் கையெழுத்திட்டார். அன்றிலிருந்து பல கார் ஷெட்டுகளில் காருக்கு இடமில்லை. அப்படியொரு ஷெட்டில் பிறந்த ஜெர்மன் பாணி லாகர் பீரை இப்போது ஒரு பீர் ஆலை பெரிய தொட்டியில் காய்ச்சி ஊற்றித் தருகிறது.

ரசிகர்கள் உடனே குடித்துவிடுவார்களா? கிளாஸை விளக்குக்கு நேராகத் தூக்குகிறார்கள், நுரைக்குள் மூக்கை விடுகிறார்கள். "புதிதாகச் சுட்ட ரொட்டி" என்கிறார் ஒருவர். "இல்லை, வைக்கோல்" என்கிறார் தாடிக்காரர். மாடு ஒன்று வந்திருந்தால் தீர்ப்புச் சொல்லியிருக்கும்.

லாகரில் குறை ஒளிய இடமில்லை. சுமார் 10 டிகிரி செல்சியஸில் நொதிக்கவிட்டு, பிறகு உறைநிலையை ஒட்டிய குளிரில் வாரக்கணக்கில் கிடத்த வேண்டும். அவசரப்பட்டால் டயாசெட்டில் என்ற வேதிப்பொருள் மிஞ்சி வெண்ணெய் வாடை அடிக்கும். பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது என்றது பவேரியாவின் 1516ஆம் ஆண்டுச் சட்டம். மொத்த வேலையையும் செய்யும் ஈஸ்ட்டின் பெயர் அதில் இல்லை, அலுவலகங்களில் நடப்பதுதானே!

இத்தனை பாடுகளுக்கும் கிடைக்கும் உச்சப் பாராட்டு: "ஒரு கோளாறும் இல்லை." ஷெட்டில் இந்தச் செய்முறையை உருவாக்கியவருக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த மேஜைக்காரர் எதையும் முகராமல் இரண்டாவது கிளாஸ் கேட்டுக்கொண்டிருந்தார்.